ஃபுட்பால் மேனேஜரில் எதிரணிக்குத் தயாராவது எப்படி: புதிதாக விளையாடுவோருக்கு

கால்பந்து அணி ஒன்றை மேனேஜராக நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரை விளையாடத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, இணையத்தில் யாரோ கொடுத்த டாக்டிக்ஸை (ஆட்டத் திட்டத்தை) இறக்கி, 38 ஆட்டத்துக்கும் அதையே ஓட்டும். இன்னொரு கட்சி, ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் ஃபார்மேஷன் (வீரர்கள் நிற்கும் அமைப்பு) முதல் கார்னர் வரை எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, நவம்பருக்குள் அலுத்துப்போகும். முதல் கட்சி பெரிய அணிகளிடம் நாலைந்து கோல் வாங்கும். இரண்டாவது கட்சியின் வீரர்களுக்குத் தாங்கள் என்ன ஆட்டம் ஆடுகிறோம் என்பதே தெரியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சொந்த ஆட்டம் அப்படியே இருக்கட்டும். எதிரணிக்கென்று இரண்டு அல்லது மூன்று விஷயங்களை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இவர்களுக்கு எதை விட்டுக்கொடுக்கப் போகிறேன்? மைதானம் பெரிது, உங்களிடம் இருப்பது பதினொரு பேர். நடுவை அடைத்தால் ஓரம் திறக்கும். ஓரத்தை அடைத்தால் நடு திறக்கும். எதிரணிக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அதை அடைத்துவிட்டு, அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைத் திறந்துவிடுவதுதான் தயாரிப்பு. கீழே வருகிற படிகள் எல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஃபுட்பால் மேனேஜர் 2024-ஐயும் அதில் இங்கிலாந்தின் லூட்டன் டவுன் அணியையும் வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் வீரர்களும் மேனேஜர்களும் அந்தப் பதிப்பில் இருந்தபடிதான். ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் 2023 நவம்பரில் வெளியிட்ட பதிப்பு அது. 2025 பதிப்பு ரத்தாகிவிட்டது. 2026 பதிப்பு யூனிட்டி எஞ்சினுக்கு மாறி 2025 நவம்பரில் வந்தது. புதியதில் திரைகள் இடம் மாறியிருக்கின்றன. பந்து தங்களிடம் இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொரு ஃபார்மேஷன் என்று தனித்தனியாக வைக்கும் வசதியும் வந்திருக்கிறது. ஆனால் யோசிக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

லூட்டன் ஏன்? 2009 முதல் 2014 வரை ஐந்தாம் படிநிலை லீக்கில் கிடந்த கிளப் அது. 2023 மே மாதம் வெம்ப்ளியில் கவென்ட்ரியை பெனால்டியில் வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியது. (அந்த ஐந்தாம் படியிலிருந்து உச்சி வரை அதே கிளப்போடு ஏறிவந்த பெல்லி ரடக் எம்பான்சு கேமிலும் அணியில் இருக்கிறார். அவரை விற்க எனக்கு மனசு வராது.) எதிரே வரும் அணிகள் பெரும்பாலும் லூட்டனைவிட வலிமையானவை, அதனால் நீங்கள் தயாரானீர்களா இல்லையா என்பது ஸ்கோரில் பளிச்சென்று தெரியும். மான்செஸ்டர் சிட்டியை எடுத்துக்கொண்டு தொடங்கினால் ஒன்றுமே பார்க்காமல் பாதி ஆட்டங்களை ஜெயிப்பீர்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

1. முதலில் உங்கள் ஆட்டம்

எதிரணியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு ஆட்டம் வேண்டும். கேம் ஒரே நேரத்தில் மூன்று டாக்டிக்ஸைப் பயிற்சியில் வைத்திருக்க விடும். மூன்றையும் மூன்று வேறு ஃபார்மேஷனாக வைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்படி வைத்தால் மூன்றுமே அரைகுறையாகப் பழகும். ஒரே ஃபார்மேஷனை மூன்று முகத்தோடு வையுங்கள்: ஒன்று உங்கள் வழக்கமான ஆட்டம், ஒன்று தற்காப்புக் கோட்டைக் கீழே இறக்கி எதிர்த்தாக்குதலுக்குக் காத்திருக்கும் ஆட்டம், இன்னொன்று கோல் தேவைப்படும்போது முன்னேறி அழுத்தும் ஆட்டம். வீரர்களின் இடம் மாறாததால், அணிக்கு ஒரு டாக்டிக்ஸ் எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டும் பழக்கப் பட்டை மூன்றிலும் சேர்ந்தே ஏறும்.

லூட்டனுக்கு மூன்று சென்டர்பேக் (பின்னால் நடுவில் நின்று தடுப்பவர்) வைத்த 3-4-2-1 இயல்பாகப் பொருந்தும். (இந்த எண்கள் பின்னாலிருந்து முன்னால் வரிசைக்கு எத்தனை பேர் என்பதைச் சொல்பவை.) இடது ஓரத்தில் ஆல்ஃபி டவுட்டியின் கிராஸ், பெனால்டி பெட்டிக்குள் எலைஜா அடெபாயோ, கார்ல்டன் மாரிஸ் போன்ற தலையால் முட்டக்கூடியவர்கள், வேகத்துக்கு ஓக்பெனே. இதுதான் கையிருப்பு. எந்த எதிரணி வந்தாலும் இது மாறாது.

2. அறிக்கையில் எதைப் படிப்பது

பொறுப்புகள் திரைக்குப் போய், அடுத்த எதிரணி பற்றிய அறிக்கையை யார் தயாரிக்கிறார், அது உங்களுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வேலையைச் செய்பவர் பகுப்பாய்வாளராக இருந்தால் நல்லது. அவருடைய டாக்டிக்ஸ் அறிவும் தரவுப் பகுப்பாய்வுத் திறனும் குறைவாக இருந்தால் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிப் படியுங்கள். ஆறாம் படிநிலை லீக்கில் தொடங்கியவர்களிடம் பகுப்பாய்வாளரே இருக்கமாட்டார். பரவாயில்லை, எதிரணியின் கடைசி நாலைந்து ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, என்ன ஃபார்மேஷன், யார் கோல் அடித்தார், யார் கொடுத்தார் என்று நீங்களே பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை.

அறிக்கை கைக்கு வந்ததும் நான் தேடுவது மூன்று விஷயம். கடைசி ஐந்து ஆட்டங்களில் அவர்கள் வைத்த ஃபார்மேஷன் ஒன்றேதானா, மாறுகிறதா? அவர்களுக்கு கோல் எந்த வழியில் வருகிறது: கிராஸிலா, நடுவே கிழித்துப்போகும் பாஸிலா, செட் பீஸிலா (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை)? அந்தக் கடைசி பாஸ் மைதானத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அறிக்கையின் மீதிப் பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டலாம்.

எந்த நிமிடத்தில் கோல் வாங்குகிறார்கள் என்று பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று வரும். பார்க்க அழகு, பயன் மிகக் குறைவு. ஆறு ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கிய அணிக்கு அந்தப் படத்தில் எந்த ஒழுங்கும் இருக்காது. இருப்பதுபோல் தெரிவது தற்செயல். பருவம் பாதி தாண்டிய பிறகு வேண்டுமானால் எட்டிப் பாருங்கள்.

2022 பதிப்பில் வந்த டேட்டா ஹப்பில் அடுத்த எதிரணிக்கென்று ஒரு பக்கம் உண்டு. அங்கே பாஸ் வரைபடத்தைத் திறந்து, கோடுகள் எல்லாம் எந்த வீரரிடம் போய்ச் சேருகின்றன என்று பாருங்கள். 2023-24 மான்செஸ்டர் சிட்டியில் பெரும்பாலும் நடுக்கள வீரர் ரோட்ரிதான் தெரிவார். ஸ்ட்ரைக்கர் ஹாலண்டைப் பார்த்துப் பயப்படுவது இயல்பு. ஆனால் ஹாலண்டுக்குப் பந்து வரும் பாதையின் தொடக்கம் ரோட்ரியிடம் இருக்கிறது.

அப்புறம் ஆள் கணக்கு. காயம், தடை, சோர்வு ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். கடன் வீரர்களை (வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக வந்தவர்களை) மறந்துவிடுவார்கள். பிரீமியர் லீக்கில் கடனாக வந்த வீரர் தன் சொந்த கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. லூட்டனின் வலது விங்பேக் (ஓரத்தில் ஏறி இறங்கி ஆடுபவர்) இசா கபோரே மான்செஸ்டர் சிட்டியிலிருந்து கடனாக வந்தவர். சிட்டிக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் அவர் கிடையாது. இது ஆட்ட நாள் காலையில் தெரிய வந்தால், சிட்டியின் இடது விங்கரான (ஓரத் தாக்குதல் வீரரான) டோக்குவுக்கு எதிரே யாரையாவது பிடித்து நிறுத்த வேண்டிய நிலை வரும். முந்தின வாரமே தெரிந்தால் அந்த இடத்தில் மாற்று ஆளை ஒரு ஆட்டம் ஆடவைத்துப் பழக்கலாம்.

3. மேனேஜர் யார்?

எதிரணி மேனேஜரின் பக்கத்தைத் திறந்தால் அவர் விரும்பும் ஃபார்மேஷனும் ஆட்டப் பாணியும் எழுதியிருக்கும். இதை மிகச் சிலரே பார்க்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. கேம் தொடங்கும்போது பர்ன்லியில் வின்சென்ட் கொம்பனி இருப்பார்: பின்னாலிருந்தே சிறு பாஸ்களில் கட்டிக்கொண்டு வரும் ஆட்டம். எவர்டனில் ஷான் டைச்: நேரடியான ஆட்டம், உயரமான வீரர்கள், செட் பீஸ். பிரைட்டனில் டி செர்பி: நீங்கள் பிரஸ் செய்ய (பந்தைப் பறிக்க நெருங்கி) வரும்வரை பந்தைப் பின்னால் வைத்துக் காத்திருந்து, வந்ததும் உங்களைத் தாண்டிப் பாஸ் கொடுக்கும் ஆட்டம்.

உங்கள் சேவில் (நீங்கள் சேமித்து ஆடிவரும் ஆட்டத்தில்) ஜனவரிக்குள் இவர்களில் ஒருவருக்கு வேலை போயிருக்கலாம். வீரர்கள் அதே ஆட்கள், அணி வேறு அணி. மேனேஜர் மாறி இரண்டு மூன்று ஆட்டம்தான் ஆகியிருந்தால் பழைய புள்ளிவிவரங்களை மூடிவைத்துவிட்டு, புது மேனேஜரின் பக்கத்தையும் அவர் வந்த பிறகான ஆட்டங்களையும் மட்டும் பாருங்கள்.

4. ஃபார்மேஷன் மேல் ஃபார்மேஷன்

ஒரு தாளில் உங்கள் பதினொருவரையும் எதிரே அவர்களின் பதினொருவரையும் புள்ளியாக வையுங்கள். எங்கே உங்கள் பக்கம் ஒருவர் கூடுதல், எங்கே குறைவு என்று எண்ணுங்கள்.

எதிரணி 4-3-3 வைத்தால், அவர்களின் ஒரே ஸ்ட்ரைக்கருக்கு எதிரே உங்கள் சென்டர்பேக் மூவர். நடுவில் இருவர் மிச்சம். ஆனால் ஓரத்தில் அவர்களின் விங்கரும் ஃபுல்பேக்கும் (ஓரத் தற்காப்பு வீரர்) சேர்ந்து வந்தால் உங்கள் விங்பேக் தனியாள். எனவே மிச்சம் இருக்கிற சென்டர்பேக்கில் ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்து உதவ வேண்டும், அல்லது முன்னால் ஆடும் இருவரில் அந்தப் பக்கத்தவர் இறங்கி வர வேண்டும். எந்தப் பக்கம் ஆபத்து என்று இரண்டாம் படியில் பார்த்தீர்கள் அல்லவா, அந்தப் பக்கத்துக்கு மட்டும் உழைப்பாளி ஒருவரைப் போட்டால் போதும்.

எதிரணி நடுவில் வைரம்போல் நால்வரை வைத்த 4-4-2 என்றால் கதை தலைகீழ். நடுவில் உங்கள் இருவர் மூச்சுத் திணறுவார்கள், ஓரம் முழுக்க உங்களுக்குத் திறந்து கிடக்கும். டவுட்டிக்கு அது விருந்து. விங்பேக்குகளை ஒரு படி முன்னால் ஏற்றி, ஆட்டத்தை அகலப்படுத்துங்கள். 4-2-3-1 வந்தால் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் மிதக்கும் அந்த ஒருவரை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. உங்கள் இரண்டு நடுக்களத்தவரில் ஒருவரைப் பின்னால் நிற்கும் பொறுப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கவனியுங்கள்: இவை எல்லாமே ஓரிருவரின் பொறுப்பை மாற்றுவதுதான். ஃபார்மேஷனை யாரும் தொடவில்லை.

5. எதிரணிக் கட்டளைகள்

கேமில் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் திரை இதுதான் என்று அடித்துச் சொல்வேன். எதிரணியின் ஒவ்வொரு வீரருக்கும், அல்லது ஒவ்வோர் இடத்துக்கும், நான்கு கட்டளைகள் தரலாம்: அவரிடம் பந்து வந்ததும் பிரஸ் செய்யலாமா, நெருங்கி மார்க் செய்யலாமா (ஒட்டியே நிற்கலாமா), டேக்கிள் கடுமையா மென்மையா, அவரை எந்தக் காலுக்குத் தள்ளுவது. புதியவர்கள் பதினொரு பேருக்கும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுவார்கள். அப்புறம் சொந்த அணி ஏன் சிதறிக் கிடக்கிறது என்று கேட்பார்கள். ஒவ்வொரு கட்டளையும் உங்கள் வீரர் ஒருவரை அவர் நிற்க வேண்டிய இடத்திலிருந்து இழுக்கிறது. மூன்று அல்லது நான்கு பேருக்கு மேல் தராதீர்கள்.

காலிலிருந்து தொடங்குவோம். லிவர்பூலின் சலா வலது ஓரத்தில் ஆடும் இடதுகால் வீரர். ஆர்சனலின் சாகாவும் அப்படித்தான். இவர்களுக்கு உயிர் உள்ளே வெட்டி வந்து இடது காலால் அடிப்பதில். வலது காலுக்குத் தள்ளச் சொன்னால் உங்கள் இடது விங்பேக் உள்பக்கத்தை மறித்து நிற்பார். சலா கோட்டோரமாகப் போய் வலது காலால் கிராஸ் போட வேண்டியிருக்கும். இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. கிராஸை விட்டுக்கொடுக்கிறோம், அதைத் தாங்க நம்மால் முடியுமா? பெட்டிக்குள் உயரமான மூன்று சென்டர்பேக் இருந்தால் தாராளமாக விடலாம். சிட்டிக்கு எதிராக அதையே செய்தால் கிராஸ் வந்து இறங்கும் இடத்தில் ஹாலண்ட் நிற்பார். அங்கே ஓரத்தை விடுவதா, உள்ளே வரவிட்டுக் கூட்டத்துக்குள் மாட்டவைப்பதா என்று யோசித்தே ஆக வேண்டும். நான் சிட்டிக்கு எதிராக உள்ளே வரவிடுவேன்.

அடுத்து, தள்ளுவதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வீரரின் பக்கத்தில் இரண்டு காலின் வலிமையும் தெரியும். டாட்டன்ஹாமின் சோன் ஹியுங்-மின் இரண்டு காலாலும் அடிப்பவர். அவருக்கு இந்தக் கட்டளை கொடுப்பது வீண்.

பிரஸ் செய்யும் கட்டளையை யாருக்குத் தருவது? பெரிய பெயருக்கு அல்ல, பதறுகிறவருக்கு. ஒன்று முதல் இருபது வரை போகும் எண்களில் நிதானம், முதல் தொடுதல், பாஸ், முடிவெடுத்தல் ஆகியவை குறைவாக இருக்கும் பின்கள வீரரைத் தேடுங்கள். ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது இருப்பார். பர்ன்லிபோலப் பின்னாலிருந்து கட்டி வரும் அணியில் அப்படி ஒரு சென்டர்பேக் இருந்தால், அவரை மட்டும் பிரஸ் செய்யச் சொல்லி, கோல்கீப்பர் கிட்டத்தில் இருப்பவர்களுக்கு பாஸ் கொடுப்பதைத் தடுக்கும் அணிக் கட்டளையையும் போட்டால், அவர்கள் ஆட்டமே தடுமாறும். இதையே சிட்டியிடம் செய்யாதீர்கள். எடர்சனை நெருங்கினால் அவர் இடது காலால் அறுபது மீட்டர் பந்தை ஹாலண்டின் முன்னால் போடுவார். எடர்சனிடம் பந்து இருக்கட்டும். அங்கே இருந்தால் ஒன்றும் கெடாது. ரோட்ரியின் பக்கத்தில் உங்கள் முன்கள வீரர் ஒருவரை ஒட்டி நிறுத்துங்கள். பிரைட்டன் விஷயத்திலும் இதே கதை: அவர்கள் நீங்கள் வர வேண்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள், போகாதீர்கள்.

நெருங்கி மார்க் செய்வது இருபக்கமும் வெட்டும் கத்தி. பந்தைக் காலில் வாங்கி விளையாடும் மெதுவான ஸ்ட்ரைக்கரிடம் நன்றாக வேலை செய்யும். வேகமானவரிடம் உங்கள் மெதுவான சென்டர்பேக்கை ஒட்டி நிறுத்தினால், ஒரே திரும்பலில் ஆட்டம் முடிந்தது. முதலில் இருவரின் வேகத்தையும் முடுக்கத்தையும் ஒப்பிடுங்கள். எதிராளி மூன்று நான்கு எண் முன்னால் இருந்தால் மார்க்கிங்கை மறந்துவிட்டு, தற்காப்புக் கோட்டை ஒரு படி கீழே இறக்குங்கள்.

டேக்கிள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. துணிச்சல் எண் குறைந்த நுணுக்கமான வீரரிடம் கடுமையான டேக்கிள் வேலை செய்யும், மஞ்சள் அட்டையும் வாங்கித் தரும். நன்றாக டிரிபிள் செய்பவர் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் சுற்றுபவராக இருந்தால் மென்மைதான் சரி.

வீரருக்குத் தரும் கட்டளை அவர் ஆடினால்தான் பயன்படும். இடத்துக்குத் தரும் கட்டளை யார் அந்த இடத்தில் ஆடினாலும் வேலை செய்யும். அவர்கள் ஆட்களை அடிக்கடி மாற்றும் அணி என்றால் இடத்துக்குக் கொடுங்கள். இந்தத் திரையை உதவி மேனேஜரிடம் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. உங்களுக்கு நேரமில்லாத மூன்றாம் சுற்றுக் கோப்பை ஆட்டங்களுக்கு அது போதும்.

6. செட் பீஸ்

பலவீனமான அணிக்கு மலிவாகக் கோல் கிடைக்கும் இடம் இது. 2024 பதிப்பில் செட் பீஸ் பகுதியை முழுக்க மாற்றி, அதற்கென்று தனிப் பயிற்சியாளரையும் கொண்டுவந்தார்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் அடிப்படைத் திட்டங்கள் தயாராகிவிடும். அதன்மேல் எதிரணிக்காக நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

தாக்கும்போது, அவர்களின் கோல்கீப்பருக்கு உயரப் பந்தைப் பிடிக்கும் திறமையும் பெட்டிக்குள் அதிகாரமும் எவ்வளவு என்று பாருங்கள். குறைவென்றால் அடெபாயோவை கீப்பருக்கு முன்னால் நிறுத்தி, பந்தை அங்கேயே போடச் சொல்லுங்கள். கீப்பர் பலசாலி என்றால் தூரக் கம்பத்துக்குப் போடுங்கள். இரண்டு திட்டமும் முன்னமே செய்து வைத்திருந்தால் ஒரு சொடுக்கில் மாற்றலாம்.

தடுக்கும்போது ஃபவுலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். வெஸ்ட் ஹாமில் ஜேம்ஸ் வார்ட்-பிரவுஸ் இருக்கிறார்: பிரீமியர் லீக்கில் நேரடி ஃப்ரீ கிக்கில் 17 கோல் அடித்தவர், பெக்கமின் 18-க்கு ஒன்றே குறைவு. அவர் ஆடும் நாளில் பெட்டியைச் சுற்றி ஃபவுல் செய்வது கோலுக்குப் பாதி வழி. எதிரணியின் முன்கள வீரர்கள் எல்லோருக்கும் மென்மையான டேக்கிள், அணிக்கே காலில் நின்று தடுக்கும் கட்டளை, முடிந்தால் உங்கள் அணியில் ஆவேசம் அதிகமுள்ள நடுக்கள வீரருக்கு ஓய்வு. எவர்டன் வந்தால் டார்கோவ்ஸ்கிபோன்ற உயரக்காரர்களுக்கு உங்கள் மிகச் சிறந்த தலைக்காரரை ஒட்டவையுங்கள். அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஒரு குட்டை விங்கரை உட்காரவைத்து உயரமானவரைப் போடுவதுகூடத் தப்பில்லை.

7. வாரப் பயிற்சி

ஆட்டத்துக்கு முந்தின நாள் எதிரணியை அலசும் அமர்வு ஒன்று, அதற்கு முன்னால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாற்றத்துக்குப் பொருத்தமான அமர்வு ஒன்று. கீழே இறங்கித் தடுக்கப் போகிறீர்கள் என்றால் தற்காப்பு வடிவ அமர்வு, எவர்டன் என்றால் செட் பீஸ் தடுப்பு. வாரத்தில் இரண்டு ஆட்டம் இருந்தால் இதையும் குறைத்து ஓய்வு கொடுங்கள். களைத்த கால்களுக்கு எந்தத் திட்டமும் உதவாது.

8. ஆட்ட நாள்

எதிரணிப் பட்டியல் வந்ததும் இரண்டு விஷயம் சரிபாருங்கள். எதிர்பார்த்த ஃபார்மேஷன்தானா? நீங்கள் கட்டளை கொடுத்து வைத்திருக்கும் மூன்று நான்கு பேரும் ஆடுகிறார்களா? இல்லையென்றால் அந்த இடத்தில் யார் வந்திருக்கிறார் என்று பார்த்து மாற்றுங்கள்.

முதல் இருபது நிமிடத்தை மட்டுமாவது விரிவான காட்சிகளோடு பாருங்கள். முக்கியக் காட்சிகளை மட்டும் பார்த்தால் கோல் விழுவதுதான் தெரியும், ஏன் விழுகிறது என்பது தெரியாது. அவர்களின் ஃபுல்பேக் யாருமில்லாமல் பந்தை வாங்குகிறாரா? உங்கள் விங்பேக் ஐந்தாவது ஆளாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் கிடக்கிறாரா? சராசரி இடங்களைக் காட்டும் படத்தைத் திறந்தால் நீங்கள் தாளில் வைத்த புள்ளிகளுக்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஒன்றும் சரியில்லை என்று தோன்றினால் ஒரே ஒரு மாற்றம் செய்து பத்து நிமிடம் பொறுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். உதவி மேனேஜர் ஓரத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது சில சமயம் உங்கள் திட்டத்துக்கே எதிரானது. நீங்கள் தெரிந்தே ஓரத்தை விட்டுக்கொடுத்திருப்பீர்கள், அவர் "ஓரத்தில் இடம் கொடுக்கிறோம்" என்பார். தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

மஞ்சள் அட்டை வாங்கிய உங்கள் வீரர் யாரைப் பார்த்துக்கொள்கிறாரோ, அந்த எதிராளிக்குக் கடுமையான டேக்கிள் கட்டளை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மறந்தால் பத்துப் பேர்.

எழுபது நிமிடத்தில் நீங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தால் கணினி மேனேஜர் ஆட்களை முன்னால் குவிப்பார், சில நேரம் ஃபார்மேஷனையே மாற்றுவார். புதியவர்கள் இந்த நேரத்தில் மிகத் தற்காப்பான நிலைக்குப் போய், பெட்டிக்குள் எல்லோரையும் அடைத்து, கடைசி நிமிடத்தில் கோல் வாங்குவார்கள். கோட்டை ஒரு படி இறக்கி, நேரத்தைக் கடத்தச் சொல்லுங்கள். ஆனால் ஓக்பெனேயை மேலேயே விடுங்கள். அவர் அங்கே இருக்கிற வரைக்கும் அவர்களின் சென்டர்பேக் இருவராவது பின்னால் நிற்க வேண்டும்.

9. ஆட்டத்துக்குப் பிறகு

லீக்கில் ஒவ்வொரு அணியையும் இரண்டு முறை சந்திப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: எதை அடைத்தோம், எதை விட்டோம், விட்ட வழியில் கோல் வந்ததா. ஸ்கோரை எழுதத் தேவையில்லை, அது கேமிலேயே இருக்கிறது. ஆகஸ்டில் எழுதிய இரண்டு வரி ஜனவரியில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தோற்ற ஆட்டத்தில் விட்ட வழியிலேயே கோல் விழுந்திருந்தால் திட்டம் தப்பு. அடைத்த வழியில் விழுந்திருந்தால் திட்டம் சரி, நிறுத்திய ஆள் தப்பு. இரண்டும் இல்லாமல் முப்பது மீட்டரிலிருந்து யாரோ அடித்துப் போயிருந்தால் ஒன்றையும் மாற்றாதீர்கள்.

முதல் பருவத்தில் தப்பித்து, இரண்டாவதில் நடுவரிசைக்கு ஏறிவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போது ஒரு மாற்றம் தெரியும். கணினி மேனேஜர்கள் உங்கள் அணியின் மதிப்பையும் அன்றைக்கு யார் ஜெயிப்பார் என்ற கணிப்பையும் பார்த்தே ஆடவருகிறார்கள். போன வருஷம் உங்கள் மைதானத்தில் திறந்து ஆடிய அணி, இந்த வருஷம் பத்துப் பேரைப் பந்துக்குப் பின்னால் நிறுத்தும். எதிர்த்தாக்குதலுக்கு இடமே இருக்காது, ஓக்பெனே ஓட வெளி இருக்காது. பழைய குறிப்பேட்டின் பக்கங்கள் அந்த அணிகளுக்கு இனி உதவாது. அறிக்கையைத் திறந்ததும் முதலில் அவர்களின் வெளியூர் ஆட்டங்களை மட்டும் தனியாகப் பாருங்கள், உங்களைவிடப் பெரிய அணிகளிடம் எப்படி ஆடினார்கள் என்று. மூன்றாவது டாக்டிக்ஸை, அந்த முன்னேறி அழுத்தும் ஆட்டத்தை, அதற்குத்தான் முதல் நாளிலிருந்தே பயிற்சியில் வைத்திருக்கச் சொன்னேன்.